காற்றாலை டெக்னீஷியன் வேலை: முதல் வேலை தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐடிஐ, டிப்ளமோ முடித்துவிட்டு காற்றாலைப் பராமரிப்பு வேலைக்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகள் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதியவை. 1986-இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் சின்ன மெஷின்களோடு தொடங்கிய தொழில் இது. இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. அத்தனையையும் யாராவது ஏறிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. முதல் வேலைக்குள் நுழையும் வழிதான் பலருக்குத் தெரிவதில்லை. அந்த வழி, நான் பார்த்தவரை, கம்பெனி வெப்சைட்டில் தொடங்குவதைவிட சைட் ஆபீஸ் வாசலில்தான் அதிகம் தொடங்குகிறது.

என்ன படித்திருக்க வேண்டும்?

ஐடிஐ என்றால் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வயர்மேன், எலக்ட்ரானிக் மெக்கானிக். டிப்ளமோ என்றால் ட்ரிபிள்-இ, மெக்கானிக்கல், இ.சி.இ., மெக்கட்ரானிக்ஸ். பொதுவாக ஒரு டீமில் எலக்ட்ரிக்கல் ஆள் ஒருவர், மெக்கானிக்கல் ஆள் ஒருவர் இருப்பது நல்லது என்று பார்ப்பார்கள். ஆனால் மெஷின் நின்றுபோனால் காரணம் பெரும்பாலும் ஒரு சென்சார், ஒரு ரிலே, ஒரு லூஸ் கனெக்‌ஷன் என்றே இருக்கும். அதனால் எலக்ட்ரிக்கல் தெரிந்தவருக்குக் கொஞ்சம் முன்னுரிமை உண்டு.

பத்தாவது, பன்னிரண்டாவதுதான் முடித்திருக்கிறேன். சேர முடியாதா?

ஹெல்ப்பராகச் சேரலாம், ஆனால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் கிடையாது. எலக்ட்ரீஷியன் ட்ரேடில் இரண்டு வருடம் படித்துவிட்டு வாருங்கள். பத்து வருடம் கழித்து அந்த இரண்டு வருடத்தின் மதிப்பு தெரியும்.

பி.இ. முடித்தவர்கள் வரலாமா?

வரலாம். ஆனால் டெக்னீஷியனாக ஏறுவதற்கு மனதாரச் சம்மதமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் ஆபீஸ் வேலைக்கு மாறிவிடுவார் என்ற சந்தேகம் எடுப்பவருக்கு எப்போதும் இருக்கும். இண்டர்வியூவில் அதற்கு நேரான பதில் வேண்டும்.

நாள் முழுக்க என்ன வேலை?

இரண்டு வகை. ஒன்று பி.எம்., அதாவது குறிப்பிட்ட இடைவெளியில் செய்யும் பராமரிப்பு. மற்றொன்று பிரேக்டவுன், அதாவது நின்றுபோன மெஷினை ஓட வைப்பது.

பி.எம். நாளில் காலையிலேயே ஜீப்பில் கிரீஸ், ஆயில், டார்க் ரெஞ்ச் (போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்கும் ஸ்பேனர்), வேஸ்ட் துணி எல்லாம் ஏற்றிக்கொண்டு மெஷினடிக்குப் போவீர்கள். கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிட்டு மெஷினை நிறுத்தி, வெளியிலிருந்து யாரும் ஓட்டிவிடாதபடி ரிமோட்டை அணைத்து, அப்புறம் ஏறுவது. டவர் 80 மீட்டர் இருக்கலாம், புது மெஷின் என்றால் 140 மீட்டர் வரை போகும். பெரிய மெஷின்களில் லிஃப்ட் இருக்கும், பழைய மெஷின்களில் ஏணிதான்.

மேலே நாசெல்லுக்குள், அதாவது டவர் உச்சியில் ஜெனரேட்டர் எல்லாம் இருக்கும் பெட்டிக்குள், நிற்க இடம் குறைவு, சூடு அதிகம். போல்ட் ஒவ்வொன்றையும் சொன்ன அளவுக்கு டார்க் வைத்து, போல்ட்டிலிருந்து ஃபிளேஞ்ச் (போல்ட் பிடித்திருக்கும் விளிம்பு) வரை மார்க்கரால் ஒரு கோடு இழுப்போம். அடுத்த முறை வரும்போது அந்தக் கோடு இரண்டாக விலகி நின்றால் போல்ட் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்ணால் பிடிப்பதுதான் வேலை. ஜெனரேட்டரின் ஸ்லிப் ரிங்கில் (சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கடத்தும் வளையம்) கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று அளந்து பார்த்து, குறைந்திருந்தால் மாற்ற வேண்டும். அங்கே படிந்திருக்கும் கரித்தூளை முழுக்க எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் அதன் வழியாகவே கரண்ட் பாய்ந்து கருகும். கியர்பாக்ஸ் ஆயிலில் ஒரு பாட்டில் சாம்பிள் எடுத்து லேபிள் ஒட்டி லேபுக்கு அனுப்புவோம். அதில் இரும்புத் துகள் கூடியிருந்தால் பல்லோ பேரிங்கோ தேய்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இறங்கிய பிறகும் வேலை இருக்கிறது. செக்லிஸ்ட் எழுத வேண்டும். நிறையப் பேர் இதை ஒப்புக்கு எழுதுவார்கள். நீங்கள் உண்மையாக எழுதிப் பழகுங்கள். நல்ல சூப்பர்வைசர் ஒரு புது ஆளை எடைபோடுவது அவர் எழுதிய ரிப்போர்ட்டை வைத்துத்தான்.

யாரிடம் போய் வேலை கேட்பது?

வேலை கொடுப்பவர்கள் மூன்று வகை. இதைப் புரிந்துகொண்டால் பாதித் தேடல் முடிந்தது.

முதல் வகை, மெஷினைத் தயாரித்தவர்களின் சர்வீஸ் பிரிவு. சுஸ்லான், வெஸ்டாஸ், ஐநாக்ஸ், என்விஷன் போன்றவை. பயிற்சியும் பாதுகாப்புச் சாமான்களும் இங்கே ஒழுங்காகக் கிடைக்கும். ஆனால் சைட்டில் இருப்பவர்களில் பலர் நேரடிச் சம்பளப் பட்டியலில் இருக்க மாட்டார்கள், மேன்பவர் காண்ட்ராக்டர் மூலம் வந்திருப்பார்கள். வெப்சைட்டில் விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: அந்த சைட்டுக்கு ஆள் கொடுக்கும் காண்ட்ராக்டர் யார் என்று கேளுங்கள்.

இரண்டாவது வகை, தயாரித்தவர்கள் கையைவிட்டுப் போன மெஷின்களைப் பராமரிக்கும் தனி சர்வீஸ் நிறுவனங்கள். பல கம்பெனி மெஷின்களையும் ஒரே டீம் பார்க்கும். புது ஆளுக்கு இது பெரிய பள்ளிக்கூடம். காலையில் கியர்பாக்ஸ் உள்ள மெஷின், மறுநாள் கியர்பாக்ஸே இல்லாத எனர்கான் வகை மெஷின் என்று கை வைக்கலாம்.

மூன்றாவது வகை, மெஷினுக்குச் சொந்தக்காரர்களே நேரடியாக வைத்துக்கொள்ளும் ஆட்கள். கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகள் பல, தங்கள் மின் தேவைக்காகக் காற்றாலை வாங்கி நிறுத்தியவை. முப்பந்தல் பக்கம் 225, 250 கிலோவாட் பழைய மெஷின்கள் இன்னும் சுற்றுகின்றன. இவர்கள் எங்கும் விளம்பரம் கொடுப்பதில்லை. தெரிந்தவர் சொல்லித்தான் ஆள் எடுப்பார்கள்.

ஆகவே நான் சொல்லும் வழி: ரெஸ்யூமில் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு சைட் இருக்கும் ஊருக்குப் போங்கள். தெற்கே ஆரல்வாய்மொழி, காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர், ராதாபுரம், கயத்தாறு, சுரண்டை. மேற்கே பல்லடம், உடுமலை, பூலவாடி, தாராபுரம். தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டி, கம்பம். மெயின் ரோட்டில் சைட் ஆபீஸ்களும் ஸ்டோர் குடோன்களும் இருக்கும். காலை 8 மணிக்குள் போனால் டீம்கள் கிளம்புவதற்கு முன் சைட் இன்சார்ஜைப் பார்க்கலாம். 9 மணிக்கு மேல் போனால் வாட்ச்மேனைத்தான் பார்ப்பீர்கள். டீம்கள் டீ குடிக்கும் கடையில் நின்று பேசுங்கள். எந்த சைட்டில் ஆள் போயிருக்கிறார், எந்தக் காண்ட்ராக்டர் சம்பளத்தை இழுத்தடிக்கிறார் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

எந்த மாதத்தில் தேடுவது நல்லது?

டிசம்பரிலிருந்து மார்ச் வரை. காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்கள் வழியாக அடிக்கத் தொடங்கினால் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சீசன். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது எந்த ஓனரும் மெஷினை நிறுத்த விடமாட்டார், ஒரு மணி நேரம் நின்றாலும் அவருக்கு நஷ்டம். அதனால் பெரிய பராமரிப்பு வேலை முழுவதும் சீசனுக்கு முன்பே முடிய வேண்டும். அந்த மாதங்களில்தான் கூடுதல் டீம் போடுவார்கள், கூடுதல் ஆள் எடுப்பார்கள். ஜூலையில் போய் வேலை கேட்டால் பதில் சொல்லக்கூட அவர்களுக்கு நேரம் இருக்காது.

அப்ரண்டிஸாகச் சேர்வது வீண் வேலையா?

வீண் இல்லை. கையில் அனுபவம் இல்லாதவருக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. ஐடிஐ முடித்தவர்கள் மத்திய அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிவு செய்யலாம். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு நாட்ஸ் (தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம்) போர்ட்டல், அதன் தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. முடித்தவுடன் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்குப் பொதுவாக இல்லை, அதைத் தெரிந்துகொண்டே சேருங்கள். ஆனால் மெஷின் ஏறிய அனுபவம் உங்களோடு வந்துவிடும். அடுத்த சைட் இன்சார்ஜ் கேட்கும் முதல் கேள்வி “ஏறியிருக்கியா?” என்பதுதான்.

ஜி.டபிள்யூ.ஓ. சர்டிபிகேட் இல்லாமல் வேலை கிடைக்காதா?

கிடைக்கும். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் காட்டிப் பெற்றோரிடம் சிலர் பணம் கறக்கிறார்கள்.

ஜி.டபிள்யூ.ஓ., அதாவது குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன் என்பது காற்றாலை நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு. அதன் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் முதலுதவி, சுமை தூக்குதல், தீத்தடுப்பு, உயரத்தில் வேலை என்று நான்கு பகுதிகள். கடலில் வேலை செய்பவர்களுக்குக் கடலில் உயிர் தப்பும் பயிற்சி ஐந்தாவதாக உண்டு. பயிற்சி அருமையானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உயரத்தில் வேலை செய்யும் சான்று இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். வேலை இல்லாமல் இருக்கும்போது கடன் வாங்கி எடுத்தால் காலம் உங்களுக்கு எதிராக ஓடும். பெரிய கம்பெனிகள் ஆளை எடுத்த பிறகு தங்கள் செலவிலேயே இந்தப் பயிற்சிக்கு அனுப்புகின்றன. அதனால் வட்டிக்கு வாங்கி எடுக்காதீர்கள். கையில் பணம் இருந்து, வேலையும் ஓரளவு உறுதி என்றால் எடுக்கலாம். எடுத்தால் உங்கள் பெயரில் விண்டா ஐடி வரும், விண்டா என்பது அந்த அமைப்பின் ஆன்லைன் பயிற்சிப் பதிவேடு. அந்த ஐடியில் சான்று ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏறவில்லை என்றால் கையில் இருப்பது வெறும் காகிதம்.

குறைந்த செலவில் கற்க வேண்டுமானால் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். மத்திய அரசு நிறுவனம், கயத்தாறில் சோதனை மையமும் வைத்திருக்கிறது. ‘வாயுமித்ரா’ என்ற பெயரில் திறன் பயிற்சியும் நடத்தியிருக்கிறார்கள்.

உயரம் என்றால் பயம். பழகிவிடுமா?

சாதாரண பயம் பழகிவிடும். டவருக்குள் ஏறும்போது கீழே பார்த்தால் இருட்டுதான் தெரியும், கிணற்றுக்குள் இருப்பது மாதிரி. பயம் வருவது நாசெல் கூரையைத் திறந்து வெளியே தலை நீட்டும்போதுதான். ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டையின் இரண்டு கொக்கியில் ஒன்று எப்போதும் மாட்டியிருக்கிறது என்ற நம்பிக்கை உடம்பில் ஏறிவிட்டால் பயம் தன்னால் குறையும்.

தலைச்சுற்றல், வலிப்பு, கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் கதை வேறு. மெடிக்கலில் இவற்றைப் பார்ப்பார்கள். மறைக்காதீர்கள். 80 மீட்டரில் நீங்கள் மயங்கி விழுந்தால் உங்களை இறக்க வேண்டியவர் உங்கள் கூட்டாளி ஒருவர்தான். நிறக்குருடு சோதனையும் உண்டு, வயர் நிறம் பார்த்து வேலை செய்வதால். ஹார்னஸுக்கும் விழாமல் பிடிக்க ஏணியில் மாட்டும் ஃபால் அரெஸ்டருக்கும் எடை வரம்பு இருக்கிறது. டூல்ஸ் எடையையும் சேர்த்துத்தான் கணக்கு, ஆகவே உடம்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இண்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

காற்றாலை பற்றி நீங்கள் நிறையத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. படித்த ட்ரேடு கையில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஒரு மல்டிமீட்டரைக் கொடுத்து ஃபியூஸ் நல்லதா என்று பார்க்கச் சொல்வார்கள். மெக்கர் எதற்கு, எம்.சி.பி.க்கும் எம்.சி.சி.பி.க்கும் என்ன வித்தியாசம், காண்டாக்டர் காயிலுக்கு சப்ளை வந்தும் இழுக்கவில்லை என்றால் என்ன பார்ப்பாய், எர்த் எதற்கு. ஃபிட்டர் என்றால் வெர்னியர் ரீடிங், போல்ட் கிரேடு, பேரிங் மாற்றும் முறை, அலைன்மென்ட்.

டர்பைன் பற்றி ஒன்றிரண்டு கேள்வி வரும். பிளேடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 சுற்று சுற்றுகிறது, ஜெனரேட்டர் 1,500 சுற்றில் ஓட வேண்டும், எப்படி? நடுவில் 1:100 அளவில் கியர்பாக்ஸ். 1,500 ஏன்? நம் கிரிட் (மின்கட்டமைப்பு) 50 ஹெர்ட்ஸ், ஜெனரேட்டர் நான்கு போல், 120-ஐ 50-ஆல் பெருக்கி நான்கால் வகுத்துப் பாருங்கள். மெஷினில் உற்பத்தியாகும் 690 வோல்ட், யார்டில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் 33 கேவி ஆகி ஃபீடர் லைனுக்குப் போகிறது. பிட்ச் என்றால் பிளேடு தன் அச்சில் திரும்புவது, யா என்றால் நாசெல் முழுவதும் காற்றை நோக்கித் திரும்புவது. இவ்வளவைப் புரிந்துகொண்டு உங்கள் வார்த்தையில் சொன்னால் போதும். மனப்பாடம் செய்து ஒப்பித்தால் அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கட்டாயம் ஒரு பாதுகாப்புக் கேள்வி வரும். “சீனியர் ஹார்னஸ் போடாமல் ஏறச் சொன்னால் ஏறுவாயா?” மாட்டேன் என்று சொல்லுங்கள். சொல்வதோடு நிற்காமல் அப்படியே இருங்கள்.

சம்பளம் எவ்வளவு?

கம்பெனிக்குக் கம்பெனி, நேரடி ஆளா காண்ட்ராக்டா என்பதைப் பொறுத்து மிகவும் மாறும். அதனால் ஒரு தொகையைச் சொல்லி உங்களைத் திசைதிருப்ப விரும்பவில்லை. கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். கையில் எவ்வளவு வரும்? அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப். பிடிப்பார்கள், அதைக் கணக்கில் கட்டுகிறார்களா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவீர்கள், கார்டு கொடுக்கிறார்களா? அதற்கு மேல் என்றால் விபத்துக் காப்பீடு உண்டா? ரூம் யாருடையது, சாப்பாட்டுப் படி உண்டா, இரவு பிரேக்டவுனுக்கு ஓவர்டைம் உண்டா? பி.எஃப். எண் இல்லாமல் ஆறு மாதம் ஓட்டுகிற காண்ட்ராக்டரிடம் அதற்கு மேல் இருக்காதீர்கள். உயரத்தில் வேலை செய்பவருக்கு இ.எஸ்.ஐ.யும் காப்பீடும் சம்பளத்தைவிட முக்கியம்.

சொந்த ஊர்ப் பக்கமே வேலை கிடைக்குமா?

தென்காசி, திருநெல்வேலி, திருப்பூர்க்காரர்களுக்கு வாய்ப்பு அதிகம். மற்றவர்கள் ரூம் எடுத்துத் தங்கத் தயாராக இருக்க வேண்டும். குஜராத், கர்நாடகா, ராஜஸ்தான், ஆந்திரா சைட்டுகளுக்கு மாற்றுவார்கள். போங்கள். நம் பக்கம் சீசன் முடிந்து சும்மா இருக்கும் காலத்தில் வெளிமாநிலத்தில் புது மெஷின் நிறுத்தும் வேலையைப் பார்த்தவர்கள் வேகமாக மேலே வந்திருக்கிறார்கள். கொஞ்சம் இந்தி தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் மூன்று மாதத்தில் வந்துவிடும்.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

வரலாம், வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வேலைக்கு வேண்டியது உடல் தகுதியும் கவனமும்தான். நடைமுறைச் சிக்கல் தங்கும் இடமும் சைட்டில் கழிப்பறையும். இதைச் சேரும் முன்பே தயங்காமல் கேளுங்கள். கண்ட்ரோல் ரூமில் மெஷின்களைக் கண்காணிக்கும் வேலை, லேப் வேலை வழியாக நுழைந்து பிறகு ஏறுவதும் ஒரு வழி.

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி டெபாசிட் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பெரிய கம்பெனி லோகோ போட்ட ஆஃபர் லெட்டரை வாட்ஸப்பில் அனுப்பி, யூனிஃபார்முக்கு, மெடிக்கலுக்கு, லேப்டாப்புக்கு என்று பணம் கேட்பது பழைய மோசடி. ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், பிரதி மட்டும் கொடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

ஆபத்தான வேலை என்று வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

அவர்கள் பயம் நியாயமானது. விழுவது, கரண்ட் அடிப்பது, சுற்றும் பாகத்தில் மாட்டுவது, நாசெல்லில் தீ, இடி என்று ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதியும் இருக்கிறது. விதியை விட்ட இடத்தில்தான் விபத்து நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தனியாக ஏறக்கூடாது. ஹப்புக்குள் (பிளேடுகள் பொருந்தியிருக்கும் நடுப்பகுதி) போகும் முன், பிளேடு சுற்றாதபடி ரோட்டர் லாக் போட வேண்டும். பிரேக்கரை அணைத்தால் உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், நண்பனிடம்கூடக் கொடுக்கக்கூடாது. கன்வெர்ட்டர் பேனலை அணைத்த உடனே கை வைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் சார்ஜ் தங்கியிருக்கும், மேனுவலில் சொன்ன நிமிடங்கள் காத்திருந்து மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும். 33 கேவி பக்கம் எல்.சி. (லைன் கிளியர், அதாவது லைனில் கரண்ட் நிறுத்தியாயிற்று என்ற அனுமதி) வாங்காமல், எர்த் போடாமல் நெருங்கவே கூடாது. தூரத்தில் இடி கேட்டால் இறங்கிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரைக் கோடை மழையிலும் இதில் விளையாட்டே கூடாது. எவ்வளவு காற்றில் ஏறலாம் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், அதை மேனுவலில் பாருங்கள், சீனியரின் தைரியத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஹார்னஸில் தொங்கிக்கொண்டிருப்பவரை உடனே இறக்காவிட்டால் காலில் ரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்து. எனவே ரெஸ்க்யூ கிட் எங்கே இருக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாத மெஷினில் ஏறாதீர்கள். புது சைட்டில் சேர்ந்த முதல் வாரத்தில் இதைக் கேளுங்கள். முறைக்கிறார்கள் என்றால் வேறு சைட் தேடுங்கள்.

இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா?

உண்டு. பழைய சின்ன மெஷின்களை எடுத்துவிட்டுப் பெரிய மெஷின் நிறுத்த 2024-இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. கடலில் காற்றாலை அமைக்க தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட் என்ற கணக்கில் 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கடல் வேலையை நம்பி இப்போது காத்திருக்க வேண்டாம், அது மெதுவாகத்தான் வரும். வெளிநாட்டுக் கனவு இருப்பவர்கள் முதலில் இங்கே மூன்று நான்கு வருடம் ஏறி, பெரிய மெஷினில் தனியாக பிரேக்டவுன் பார்க்கும் அளவுக்கு வாருங்கள். அந்த நேரத்தில் ஜி.டபிள்யூ.ஓ. சான்றுக்குச் செலவழிப்பது நியாயம்.

ரெஸ்யூமில் என்ன எழுதுவது?

ஒரு பக்கம் போதும். ட்ரேடு, முடித்த வருடம், கையால் செய்த வேலைகள். மோட்டார் வைண்டிங், பேனல் வயரிங், மாமாவின் லேத்தில் விடுமுறையில் பார்த்த வேலை, எதுவானாலும் எழுதுங்கள். டூவீலர் லைசென்ஸ் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள், கார் லைசென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. காட்டுக்குள் இருக்கும் சைட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு.

வேலை கிடைத்துவிட்டது. முதல் நாள் என்ன கொண்டு போக வேண்டும்?

பாதுகாப்பு ஷூ, ஹெல்மெட், ஹார்னஸ் கம்பெனி கொடுக்க வேண்டியவை. ஹார்னஸை வாங்கியதும் தையல், பக்கிள், அடுத்த சோதனைத் தேதி மூன்றையும் பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள். நீங்கள் கொண்டு போக வேண்டியது இரண்டு லிட்டர் தண்ணீர், மாற்றுச் சட்டை, பாக்கெட்டில் அடங்கும் ஒரு நோட்டு. மோதிரம், கழுத்துச் செயின், கைக்கயிறு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். அன்று மெஷினில் வந்த எரர் எண், அதற்கு சீனியர் என்ன செய்தார் என்பதை இறங்கியதும் நோட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த சீசனில் அதே எரர் வரும்போது ஜீப்பில் அந்த நோட்டைத் திறந்து பார்க்கலாம்.